லிவரை மூடிய கை

துப்பாக்கி ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது, அறிக்கையை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் இந்த வேலையைச் செய்தேன். நன்றாகவே செய்தேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் நான் சரியாகச் செய்த வழக்குகளைக் கேட்டு உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. நான் தவறாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு ஐந்து மாதம் முன்னால் நான் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தச் சரியில்தான் இந்தத் தவறு தொடங்கியது.

ஃபாலிங் பிளாக் துப்பாக்கி உங்கள் மேசைக்கு எப்போதாவதுதான் வரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா. விசைக்குக் கீழே ஒரு லிவர் இருக்கும். அதைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புப் பாளம் நேராகக் கீழே இறங்கும், வாய்க்கால் மதகின் பலகையைப் போல. பெயர் வந்ததும் அதனால்தான். தோட்டாவை உள்ளே வைத்து லிவரை மேலே தூக்கினால் பாளம் ஏறி வாயை அடைத்துக்கொள்ளும். லிவர் இறங்கும்போதே உள்ளே இருக்கும் சுத்தியும் பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தி அடிக்கும். இவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முந்தையதும் இப்படித்தான் இருக்கும், போன வருடம் செய்ததும் வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

முதலில் வந்தது புதியது. ஒரு விளையாட்டு வீரர் வெளிநாட்டிலிருந்து முறைப்படி வரவழைத்தது. சுடும் பயிற்சிக் களத்தில் அது வெடித்துப் பக்கத்தில் நின்றவரின் காலில் காயம். "நான் விசையைத் தொடவே இல்லை, லிவரை மூடினேன், தானாக வெடித்தது" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை நாங்கள் தட்டிப் பார்த்தோம், தூக்கிப் போட்டுப் பார்த்தோம், லிவரை ஓங்கி மூடிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. விசையை இழுக்காமல் சுத்தி அடிக்க முடியாதபடி உள்ளே தனி அமைப்பே இருந்தது. அப்படியே அறிக்கை கொடுத்தேன். பிறகு களத்திலிருந்த கண்காணிப்புக் காமிராவின் பதிவு கிடைத்தது. அவருடைய விரல் விசை மேல்தான் இருந்தது.

"தானாக வெடித்தது" என்ற வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடமிருந்து கேட்டிருக்கிறேன். அநேகமாக எல்லோருடைய விரலும் விசையில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பதிவைப் பார்த்த அன்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. இந்த மாதிரித் துப்பாக்கி எனக்குத் தெரியும் என்ற திருப்தி. ஜாக்கிரதை, அது உங்களுக்கும் வரும்.

அடுத்து வந்தது பழையது. மலையடிவாரத்தில் ஒரு தோட்டம். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கி, தாத்தா காலத்து ஃபாலிங் பிளாக் ஒன்றை வைத்திருந்தார் தோட்டக்காரர். ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பன்றிகள் சோளத்துக்குள் புகுந்துவிட்டன. தோட்டக்காரர் மறுமுனைக்குப் போய் விரட்டுவதாகச் சொல்லிவிட்டு, துப்பாக்கியையும் ஒரு தோட்டாவையும் தோட்டத்தில் வேலை செய்தவரிடம் கொடுத்து, "இந்தப் பக்கம் வந்தா வானத்தப் பாத்துச் சுடு, பயந்து ஓடிரும்" என்றிருக்கிறார். அப்படிக் கொடுத்ததே சட்டப்படி தப்பு. சற்று நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்த தோட்டக்காரரின் தம்பி நெஞ்சில் குண்டு பாய்ந்து விழுந்துவிட்டார்.

தம்பி துடியலூரில் குடும்பத்தோடு இருந்தவர், ஊர்க் கோயில் விசேஷத்துக்காக வந்திருந்தார். முந்தின நாள் கோயில் வாசலில், எல்லோரும் பார்க்க, அந்த வேலையாளைக் கன்னத்தில் அறைந்திருந்தார். செருப்பை எங்கே விட்டாய் என்பது மாதிரி ஏதோ அற்பக் காரணம். ஆக, போலீசுக்கு எல்லாமே நேராகத் தெரிந்தது. அடி வாங்கியவன் கையில் மறுநாள் துப்பாக்கி, அடித்தவன் பிணம். தானாக வெடித்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கொலை வழக்கு.

எங்களுக்கு வந்த கடிதத்தில் மூன்று கேள்விகள். துப்பாக்கி வேலை செய்கிறதா. உடலில் கிடைத்த குண்டு இதிலிருந்து வந்ததா. கீழே விழுந்தாலோ மோதினாலோ இது தானாக வெடிக்குமா.

எங்கள் ஆய்வகத்தில் அப்போது ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். பெருந்துறைக்காரர். என்னைவிட நான்கு வயது சின்னவர். துப்பாக்கியைக் கையில் எடுத்தால், பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதன் எடையைப் பார்ப்பதுபோல் சும்மா வைத்திருப்பார். அன்றும் அப்படி வைத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், இதோட விசை கொஞ்சம் லேசா இருக்குதுங்க. யாரோ கை வெச்சிருக்காங்க போல."

அளந்து பார்த்தேன். அனுமதிக்கத்தக்க அளவின் கீழ் எல்லைக்குச் சற்று மேலே இருந்தது. "எல்லைக்குள்ளதான இருக்குது" என்றேன்.

"இருக்குதுங்க. ஆனா பழசுங்க. இன்னொரு நாள் வெச்சுப் பாக்கலாமுங்களா?"

மேசையில் இன்னும் பதினாறு வழக்குகள் இருந்தன. அந்தக் காரணத்தைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுவல்ல. இது எனக்குத் தெரிந்த துப்பாக்கி என்று நினைத்தேன். ரப்பர் சுத்தியால் எல்லாப் பக்கமும் தட்டினோம். குறித்த உயரத்திலிருந்து விழச் செய்தோம். உள்ளே இருந்த சுத்தி விழவில்லை. சோதனைக்காக லிவரைத் திறந்து மூடித் திறந்து மூடி, நாற்பது ஐம்பது தடவையாவது நானே செய்திருப்பேன். ஒரு தடவையும் விழவில்லை. குண்டு இதிலிருந்துதான் வந்தது, விசையை இழுக்காமல் இது வெடிக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. அதுவரை அந்த வேலையாள் சிறையில்தான் இருந்தார். ஜாமீனுக்கு ஆள் இல்லை.

அரசு வழக்கறிஞர் கேட்டார், சொன்னேன். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர். இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட இளம் பெண். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லிவரை மூடும்போது வெடிக்க வாய்ப்பு இருக்கா?"

"பல தடவை மூடிப் பார்த்தேன். வெடிக்கவில்லை" என்றேன்.

அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி என் வாக்குமூலத்தைத் தட்டச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் குற்றம் சாட்டப்பட்டவர் நின்ற கூண்டைப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள். கைகளைக் கூப்பி நின்றுகொண்டிருந்தார். கூப்பிய கைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு இல்லை.

என் அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலை செய்தவர்கள். நான் கோயம்புத்தூரில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து இந்த வேலைக்கு வந்தவள். அந்த மாதிரிக் கையைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கை போனால் அப்படித்தான் போகும். விரல் போனவர்கள் அதன் பிறகும் எல்லா வேலையும் செய்வார்கள், ஆனால் வேறு விதமாகச் செய்வார்கள். வாளியைத் தூக்குவது, கயிற்றைக் கட்டுவது, எல்லாமே அவர்களுக்கென்று ஒரு விதம்.

அந்தத் துப்பாக்கியின் லிவரை மூடும் விதம் என் கைக்கு நன்றாகத் தெரியும். நான்கு விரல்களையும் லிவரைச் சுற்றி மடக்கி, மேலே இழுத்து மூட வேண்டும். இரண்டு விரல் வைத்துக்கொண்டு அப்படி இழுக்க முடியாது. அப்படியானால் இவர் எப்படி மூடினார்?

போலீஸ் அனுப்பிய கடிதத்தில் அவர் கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. பல தடவை மூடினேன் என்று சற்று முன்னால் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் மூடியது என் கை.

தட்டச்சு செய்தவர் தாளை உருவி என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட்டால் நான் போகலாம். மூன்று மணி ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தேன். பேனாவைத் திறந்துவிட்டேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், முதலில் என் மனதில் வந்தது அவர் முகம் இல்லை. ஐந்து மாத இடைவெளியில் இரண்டு துப்பாக்கிகள், இரண்டு அறிக்கைகள், அதில் ஒன்று தப்பு என்றால் இதுவரை நான் கொடுத்த எல்லா அறிக்கைகளையும் கிளறுவார்களே என்பதுதான் வந்தது. அடுத்து, இப்போது வாயைத் திறந்து, சோதனையில் ஒன்றும் வராமல் போனால் என்ன ஆவேன் என்பது. இந்த இரண்டும் போன பிறகுதான் மற்றது வந்தது. எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தோடு இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் வேறு.

"ஐயா, நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்தார். "சாட்சியம் முடிந்துவிட்டதே."

"எதிர்த்தரப்புக் கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுமையானது இல்லை, ஐயா. நான் மூடிப் பார்த்தது இரண்டு நல்ல கைகளால். குற்றம் சாட்டப்பட்டவரின் வலது கையை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் மூடும் விதம் வேறாக இருந்தால், அந்த விதத்தில் நான் சோதிக்கவில்லை. அதைச் சோதிக்காமல் இது வெடிக்காது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "சாட்சி தன் அறிக்கையையே மறுக்கிறாரா?"

"மறுக்கவில்லை. அதில் ஒரு சோதனை குறைகிறது என்கிறேன்."

நீதிபதி கூண்டைப் பார்த்து, "கையைக் காட்டுப்பா" என்றார். அந்த மனிதர் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக் கையை மெதுவாக உயர்த்தினார். நீதிபதி அதைப் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்தவரிடம் புதிய தாள் எடுக்கச் சொன்னார். இரு தரப்பும் அருகில் இருக்க, குற்றம் சாட்டப்பட்டவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, ஒளிப்பதிவோடு மறு ஆய்வு செய்ய உத்தரவானது.

ஆய்வகத்தில் என்னை யாரும் பாராட்டவில்லை. எனக்கு மேலே இருந்த அதிகாரி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "கேட்காத கேள்விக்கு எதுக்கும்மா பதில் சொன்னீங்க? நாளைக்கு எல்லாக் கோர்ட்லயும் இத எடுத்துக் காட்டுவாங்களே." காட்டட்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆய்வகத்தின் பெயரைக் காப்பாற்றுவதும் அவர் வேலைதான்.

நீதிமன்றத்திலிருந்து துப்பாக்கி சீல் வைத்து வந்தது. சீலை உடைத்ததும் எனக்குக் கை பரபரத்தது. உள்ளே பிரித்து அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். திருப்புளியை எடுத்தேன். உதவியாளர் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"பிரிக்காதீங்க மேடம்."

"ஏன்?"

"பிரிச்சு மாட்டுனா அது வேற துப்பாக்கிங்க. ஒரு திருகு கால் சுத்து கூடப் போச்சுன்னாலும், அன்னைக்கு இருந்த மாதிரி இருக்காதுங்க. மொதல்ல அவரு மூடட்டும். அப்புறம் பிரிக்கலாம்."

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் சொன்னதைக் கேட்காதவள் இந்தத் தடவை கேட்டேன். திருப்புளியை டிராயருக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்தேன்.

சோதனைக்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன். முப்பது தடவை மூட வேண்டும், முப்பதும் முடியும்வரை எந்த முடிவும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, வந்திருந்த இன்ஸ்பெக்டர், அரசு வழக்கறிஞரின் ஜூனியர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். எண்ணிக்கையை முன்னாலேயே முடிவு செய்யாவிட்டால், நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிடுவோம். எல்லோரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

பின்பக்கம் மெல்லிய ஈயம் பதித்த வெற்றுத் தோட்டா ஒன்று தயார் செய்திருந்தோம். மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. உள்ளே சுத்தி அடித்தால் ஈயத்தில் குழி விழும், அவ்வளவுதான்.

அவரைக் கொண்டுவந்து விலங்கைக் கழற்றினார்கள். துப்பாக்கியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"அதத் தொட மாட்டேனுங்க."

"சும்மா மூடிக் காட்டுனாப் போதும்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாமுங்க. சாமி சத்தியமாத் தொட மாட்டேனுங்க. நான் ஜெயிலுக்கே போயிர்றேனுங்க."

வழக்கறிஞர் பெண் பேசிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் பேசக் கூடாது. இப்படி மூடு, அப்படி மூடு என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தாலும் சோதனை கெட்டுவிடும். அரைமணி நேரம் போயிற்று. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வற்புறுத்தி அவர் கையில் திணித்தால் அந்தக் கை நடுங்கும், நடுங்கும் கை எதையும் சரியாகக் காட்டாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம் என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னேன்.

டீயைக் குடித்து முடித்ததும் உதவியாளர் துப்பாக்கியை எடுத்து, லிவரைத் திறந்து, குழலின் பின்வாயை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பிடித்தார். குழலின் மறுமுனை ஜன்னல் பக்கம் இருந்தது.

"ஏனுங்க, இதுக்குள்ள பாருங்க. வெளிச்சம் தெரியுதுங்களா?"

அவர் தயங்கித் தயங்கிக் குனிந்து பார்த்தார்.

"தெரியுதுங்க."

"மரம் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க. வேப்ப மரமுங்க."

"அப்ப உள்ள ஒண்ணுமில்லீங்க. இந்தத் தோட்டாவையும் கையில வாங்கிப் பாருங்க, வெறும் கூடு."

வாங்கிப் பார்த்தார். குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு தானே கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

அவர் மூடியது இப்படித்தான். துப்பாக்கியின் பின்கட்டையைத் தொடையில் ஊன்றி, இடது கையால் குழலுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை லிவருக்குக் கீழே கொண்டுபோய், மேல்நோக்கி ஓங்கி ஓர் அறை அறைந்தார். லிவர் படாரென்று போய் ஒட்டிக்கொண்டது. நான் அந்தத் துப்பாக்கியை ஒரு தடவைகூட அப்படி மூடியதில்லை. இரண்டு நல்ல கை உள்ள யாரும் அப்படி மூட மாட்டார்கள். மீதி இரண்டு விரலும் காற்றில்தான் இருந்தன. விசைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. குழல் எதிரே வருபவரின் நெஞ்சு உயரத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

தோட்டாவை எடுத்துப் பார்த்தோம். ஈயத்தில் குழி இல்லை.

இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது. ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பத்தாவது தடவையும் ஒன்றுமில்லை. "போதுங்களா மேடம்?" என்றார். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். முப்பதிலும் ஒன்றும் வராவிட்டால் இந்த மனிதருக்குத் தூக்குக் கயிற்றை நானே இரண்டாவது தடவை முறுக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். ஆனால் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். வருவதை எழுதுவதுதான் நம் வேலை.

பதினோராவது தடவை அறைந்தபோது சத்தம் வேறாக இருந்தது. லிவரின் சத்தத்துக்குள் இன்னொரு சின்னச் சத்தம். உதவியாளர் என்னைப் பார்க்காமல், லிவரைத் திறந்து தோட்டாவை எடுத்துத் தட்டில் வைத்தார். ஈயத்தின் நடுவில் ஆழமான ஒரு குழி.

அந்த மனிதருக்கு மட்டும் என்ன நடந்தது என்று புரியவில்லை. "இன்னும் அடிக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"முப்பது வரைக்குமுங்க" என்றார் உதவியாளர்.

முப்பதில் நான்கு தடவை குழி விழுந்தது. அதன் பிறகு உதவியாளரும் நானும் அதே விதத்தில் முப்பது முப்பது தடவை அறைந்து பார்த்தோம். எங்களுக்கும் விழுந்தது. ஒரு மனிதருடைய கையை மட்டும் நம்பி எழுதிய அறிக்கை நிற்காது. யார் செய்தாலும் வர வேண்டும்.

எல்லோர் முன்னாலும் அதற்குப் பிறகுதான் பிரித்தோம். சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முனையை யாரோ, எப்போதோ, விசை லேசாக இருக்கட்டும் என்று சாணைக்கல்லில் தேய்த்திருந்தார்கள். மிச்சமிருந்த விளிம்பு நகத்தின் தடிப்புகூட இல்லை. வெளியிலிருந்து தட்டினாலும், கீழே போட்டாலும் அது தாங்கியது. பாளம் வேகமாக மேலே போய் இடித்து நிற்கும் அந்த அதிர்ச்சியை மட்டும் சில சமயம் தாங்கவில்லை. புதிய துப்பாக்கியில் இப்படி நழுவினாலும் சுத்தி அடிக்காதபடி தனி அமைப்பு இருந்தது என்று சொன்னேன் அல்லவா, பழையதில் அது கிடையாது. புதியதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பழையதைத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். விசை லேசாக இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னபோது, எல்லைக்குள் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்துவிட்டு யோசிப்பதை நிறுத்திவிட்டேன். எண் எல்லைக்குள் இருந்தால் கேள்வி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டாவது அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான்: இந்தத் துப்பாக்கி, லிவரைக் கீழிருந்து வேகமாக அறைந்து மூடும்போது, விசையை இழுக்காமலே வெடிக்கக் கூடும். என் முதல் அறிக்கையின் மூன்றாவது முடிவு தவறு. அவர் குற்றமற்றவர் என்று நான் எழுதவில்லை. எழுதும்படி அந்த வழக்கறிஞர் பெண் தொலைபேசியில் கெஞ்சினார். "அது என் வேலை இல்லை, கண்ணு. அன்னைக்குக் காலையில வரப்பில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சத இதுக்கு மேல கெட்டியா எழுத முடியாது" என்றேன். மறுபடி சாட்சிக் கூண்டில் ஏறியபோது அரசு வழக்கறிஞர் முழுதாக இரண்டு மணி நேரம் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். உங்கள் முதல் அறிக்கை பொய்யா, இரண்டாவது பொய்யா என்று நான்கு விதமாகக் கேட்டார். நான்கு தடவையும் "முதலாவது தவறு, பொய்யில்லை" என்றேன். தவறு என்ற வார்த்தையை உரக்கச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முணுமுணுத்தால் அதைப் பொய் என்று ஆக்கிவிடுவார்கள்.

கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுத்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள். சிறையில் இருந்த காலமே அதற்குச் சரியாகப் போயிற்று. தோட்டக்காரர் மீது தனி வழக்கு. அந்த மனிதர் வெளியே வந்து திருப்பூர் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போய்விட்டதாகப் பிற்பாடு வழக்கறிஞர் சொன்னார். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

பார்த்தது வேறொருவரை. தீர்ப்பு வந்து சில வாரங்கள் கழித்து, வேறொரு வழக்குக்காக அதே நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் வந்து முன்னால் நின்றார். இழப்பீட்டு மனுவுக்காக வந்திருப்பார் போல, கையில் சான்றிதழ்களின் நகல் வைத்த பிளாஸ்டிக் உறை.

"நீங்கதானுங்களே அந்தத் துப்பாக்கிய டெஸ்ட் பண்ணுனவங்க?"

"ஆமாங்க."

"செத்துப்போனது எங்க ஊட்டுக்காரருங்க."

எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கணக்குப் புரியாமல் ஆசிரியரிடம் வந்து நிற்கும் பிள்ளையைப் போல நின்றார்.

"அப்ப அவன் வேணும்னு சுடலீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க, அம்மணி. விசையை இழுக்காமயே அது வெடிக்கும். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"ரெண்டு வருசமா தெனமும் காலையில எந்திரிச்சதும் அவனத்தான் வைஞ்சிட்டு இருந்தேனுங்க. எம் பசங்களும் அதத்தான் கேட்டு வளந்திருக்குதுங்க. இப்ப அவன் செய்யலீன்னா யார வையறதுன்னு தெரியலீங்க."

உறையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மொதத் தடவையே இதப் பாத்திருக்க முடியாதுங்களா?" என்றார்.

வேலைச் சுமை, கடிதத்தில் அந்தக் கேள்வி இல்லாதது, கையைப் பற்றி யாரும் சொல்லாதது, இவையெல்லாம் வரிசையாக என் நாக்கின் நுனிவரை வந்தன. எல்லாமே உண்மைதான். ஒன்றையும் சொல்லவில்லை.

"முடியுமுங்க. பாத்திருக்கோணும். நான் பாக்கலீங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். அவருடைய வழக்கறிஞர் படியிலிருந்து கூப்பிட்டார். "வாரேனுங்க" என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் திரும்பி, "சாப்பிடுங்க, டைம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.